விருப்பமா தொரை

எங்கள் தோட்டத்தில் யாரும் 'விருப்பமா' என்று கேட்கமாட்டார்கள். 'சரிங்களா' என்போம், 'இஷ்டமா' என்போம். அந்தப் புத்தகச் சொல்லைக் கொண்டுவந்து எங்கள் நடுவே போட்டவர் ஒரு ஜெர்மன்காரர்.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் 'ஸ்டோர்' என்று சொல்வோம். அவர் அந்த ஸ்டோருக்குப் பொறுப்பாளராக வந்தார். வந்த முதல் வாரமே நுவரெலியாவுக்குப் போய் ஒரு தமிழ் அரிச்சுவடியும் பழைய அகராதியும் வாங்கி வந்தாராம். அந்த அகராதியில் அவர் முதலில் தேடி எடுத்த சொல் இதுதான். அதன்பிறகு அந்தச் சொல் இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வேலையும் வெளியே வராது.

"கருப்பையா, இந்தப் பெட்டியை அந்தப் பக்கம் வைக்க விருப்பமா?"

"முனியம்மா, இன்று சல்லடையில் நிற்க விருப்பமா?"

ஆறடிக்கு மேல் உயரம். கொஞ்சம் கூனல். கேள்வியைக் கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, பதில் வரும்வரை அப்படியே நிற்பார். பாதையை மறித்துப் படுத்திருந்த ஆட்டிடம்கூட எழுந்திருக்க விருப்பமா என்று கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாராம். ஆட்டுக்காரக் கிழவர் இதை எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் லயம் லயமாகப் போய்ச் சொல்லிச் சிரித்தார். ஜெர்மன்காரருக்கு 'விருப்பமா தொரை' என்று பெயர் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

ஆட்களை வேலை வாங்கும் கங்காணிக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஒருநாள் நேரிலேயே சொல்லிவிட்டார்.

"தொரைங்களே, இப்பிடிக் கேட்டுக்கிட்டிருந்தா வேல நடக்காதுங்க. செய்னு சொல்லுங்க, செஞ்சிருவாங்க."

"விருப்பம் இல்லை என்றால்?"

"இல்லேன்னு சொல்லமாட்டாங்க தொரை."

"அதுதான் எனக்குப் பயம்" என்றாராம் அவர்.

இல்லை என்று முதலில் சொன்னது என் அண்ணி வீரம்மா. கொழுந்தை வாட்டப் பரப்பும் மேல்மாடியில் வடக்குப் பக்கம் நிற்பது தண்டனை மாதிரி. மார்கழி, தை மாதங்களில் அந்தச் சன்னல் வழியே வரும் காற்றில் விரல் மரத்துப்போகும். அங்கே நிற்க விருப்பமா என்று அவர் வழக்கம்போலக் கேட்க, அண்ணி கொழுந்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "விருப்பமில்லீங்க தொரை" என்று சொல்லிவிட்டாள். வேறு எந்தத் தொரையாக இருந்தாலும் அன்றைய பேரை வெட்டி, கூலியை நிறுத்தியிருப்பார். வேலையே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. இவர் அண்ணிக்குத் தலை குனிந்து, "நன்றி" என்று சொன்னார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வடக்குப் பக்கம் தானே போய் நின்றார். அன்று சாயங்காலம்வரை நின்று, அந்தக் குளிரை முழுசாக அனுபவித்துவிட்டு, அடுத்த வாரம் அடுப்பறையிலிருந்து ஒரு தகரக் குழாயை மேலே இழுத்தார். வீணாய்ப் போய்க்கொண்டிருந்த சூடு வடக்குப் பக்கத்துக்கு வந்தது. அண்ணி தானாகவே அந்த இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

நான் அப்போது தோட்டத்து மருந்தறையில் மருத்துவச்சி. நுவரெலியாவில் பயிற்சி முடித்துவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே வேலைக்கு வந்தவள். அவரை நான் நெருங்கி அறிந்தது அவர் கையைச் சுட்டுக்கொண்டு வந்தபோது. உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறக்கப்போய் வலது உள்ளங்கை முழுக்க வெந்திருந்தது. டாக்டர் ஐயா இல்லை. நான் ஊசியை ஏற்றிக்கொண்டு நேராக அவர் புஜத்தைப் பிடித்தேன்.

"சிஸ்டர், நீங்கள் என்னைக் கேட்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க, சார்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே குத்திவிட்டேன்.

அவர் கண்களில் நீர் வரச் சிரித்தார். கட்டு மாற்ற வந்த பத்துப் பதினைந்து நாளும் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. அவருக்கு ஆங்கிலம் இழுத்து இழுத்து வரும். எனக்குத் தேடித் தேடி வரும். இருவருக்கும் நிறைய நேரம் இருந்ததால் குறையில்லை. ஐரோப்பிய யுத்தத்தில் ராக்கெட் செய்த இடத்தில் வேலை செய்த விஞ்ஞானி என்று அப்போதுதான் தெரிந்தது. என்ன விஞ்ஞானம் என்று கேட்டேன். மருந்தறை வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டினார். "அதுதான். சுற்றும்வரை விழாது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் தன் திசையை மறக்காது. அப்படி ஒன்றை ராக்கெட்டுக்குள் வைப்பது என் வேலை" என்றார். அப்படிப்பட்டவர் இங்கே வந்து தேயிலையை வறுத்துக்கொண்டிருப்பானேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அது தெரியவந்தது அண்ணியின் இரண்டாவது பிரசவத்தின்போது.

பிள்ளை குறுக்கே கிடந்தது. என் கையை மீறிய விஷயம், நுவரெலியாவுக்கு உடனே கொண்டுபோக வேண்டும். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு நானுஓயா ஸ்டேசனுக்குப் போயிருந்தது. ஸ்டோருக்கு ஆள் ஓடியதும் அவர் தன் ஜீப்பை லயத்து வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணியைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தோம். அவர் இறங்கி வந்து, குனிந்து, வெளிறிப்போன முகத்தோடு கேட்டார்:

"வீரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போக விருப்பமா?"

"அட அறிவுகெட்ட தொரையே! கேக்குற நேரமா இது? வண்டிய எடு!" என்று கத்தினாள் அண்ணி.

நடுப்பகலில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தொரையை ஒரு கொழுந்துக்காரி அப்படிப் பேசியது எங்கள் தோட்டத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். அவர் காது சிவக்க ஓடிப்போய் வண்டியில் ஏறினார். வளைவுக்கு வளைவு அண்ணியின் திட்டு வளர்ந்துகொண்டே போனது. அன்று சாயங்காலம் அறுத்து எடுத்ததில் ஆண்பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பின.

மறுநாள் திரும்பி வரும்போது ஜீப்பில் நானும் அவரும்தான். பாதி வழியில், "கேட்கக் கூடாத நேரமும் உண்டு, இல்லையா சிஸ்டர்?" என்றார்.

"உண்டு."

"எனக்கு அது தெரிவதில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் ஒருமுறை கேட்காமல் விட்டேன். அதனால் இப்போது எல்லா நேரமும் கேட்கிறேன்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

யுத்தம் முடிந்து அவர் ஊர் ருஷ்யர்களின் கையில் இருந்த காலம். விடியப் போகும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஓர் அதிகாரி, பின்னால் ஏழெட்டுச் சிப்பாய்கள். அதிகாரி கையில் ஒரு பட்டியல். உங்கள் ஆராய்ச்சி நிலையம் எங்கள் நாட்டுக்கு மாற்றப்படுகிறது, நீங்களும் வருகிறீர்கள், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கோபமில்லை, மரியாதைக் குறைவில்லை. சிப்பாய்கள் உடனே அலமாரியைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஊரில் அப்படிப் பல வீட்டுக் கதவுகள் அந்த நேரத்தில் தட்டப்பட்டனவாம்.

"அதிகாரி கேட்டார்: உங்கள் மனைவியும் வருகிறாரா, அவருக்கு விருப்பம் இல்லையென்றால் இங்கேயே இருக்கலாம் என்று. அவள் சமையலறையில் நின்று தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வருகிறாள் என்றேன்."

அவர்களைக் கொண்டுபோய் வைத்தது ஓர் ஏரிக்கு நடுவே இருந்த தீவில். சுற்றிலும் முள்கம்பி. ஒன்றிரண்டு வருடம் இவர்கள் தலையில் இருந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சாயம் இறங்கியதும் சக்கையைத் தள்ளி வைப்பதுபோல் அதன்பிறகு இவர்களைச் சும்மா வைத்திருந்தார்கள். தெரிந்தது பழசாகும்வரை ஊருக்கு விடமாட்டார்களாம். மூன்றாவது குளிர்காலத்தில் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டியது. அந்தத் தீவிலேயே புதைத்தார்கள்.

"உங்களைக் குறை சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ரயிலில் போகும்போது ஒருமுறை. நீங்கள் கேட்டிருக்கலாம் என்றாள். அவ்வளவுதான். பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை."

"கேட்டிருந்தா வரமாட்டேன்னு சொல்லியிருப்பாங்களா?"

"தெரியாது, சிஸ்டர். அது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை."

அவரை விட்டுவிட்ட பிறகு ஊரில் அவருக்கென்று யாரும் இல்லை. மனைவியின் தம்பி தேயிலை வாங்கி விற்பவர். அவர் மூலமாகத்தான் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இதற்குப் பிறகு அவர் 'விருப்பமா' என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவரும் அதை விரும்பியதாகவே தோன்றியது. பிள்ளைகள் எதிரே வந்து, "தொரை, முட்டாசி குடுக்க விருப்பமா?" என்று கேட்பார்கள். சட்டைப்பையைத் திருப்பி உதறிக் காட்டுவார். ஒன்றிரண்டு மிட்டாய் எப்போதும் விழும்.

அப்படி இருக்கையில்தான் எங்கள் தலைமேல் அந்த ஒப்பந்தம் வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, எங்கள் தாத்தன்மார் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்கள் குடியுரிமையை எடுத்துவிட்டார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். இப்போது இந்தியாவும் இலங்கையுமாக இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. யார் எந்தப் பக்கம் என்று தோட்டத்திலிருந்தே முன்கூட்டி ஒரு பட்டியல் தயாராகட்டும் என்று தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை சொல்லிவிட்டார். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்தில் இருந்தவர்கள் அதற்கு முந்தின வருடம் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள். ஸ்டோரில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் அந்த லயத்துக்காரர்கள்தான்.

ஸ்டோர் ஆட்களின் பட்டியலில் ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். பெரிய கிளாக்கர் அதை எடுத்துக்கொண்டு வந்த காலை நான் அங்கே இருந்தேன், கொழுந்தை உருட்டிக் கசக்கும் ரோலர் பக்கம் ஒருத்திக்கு விரல் நசுங்கி, கட்டுப் போட வந்திருந்தேன்.

"ஒரு கையெழுத்துதான் சார். எல்லாம் நானே எழுதிட்டேன்" என்றார் கிளாக்கர்.

தொரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மேல்கணக்குப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் எதிரே 'இந்தியா' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது.

"இவர்களைக் கேட்டீர்களா?"

"கேக்குறதுக்கு என்ன சார் இருக்கு? கைநாட்டு அப்புறமா வாங்கிக்கலாம்."

அவர் காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடியே எஞ்சின் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் பட்டைகளின் ஓட்டம் தளர்ந்தது. ரோலர்கள் முனகிக்கொண்டு நின்றன. ஸ்டோர் ஓடும் நேரத்தில் அந்த மாதிரி அமைதியை யாரும் கேட்டதில்லை. கீழே ஆறு ஓடும் சத்தம் உள்ளே வந்தது.

தேயிலை பதம் பார்க்கும் டீமேக்கர் ஓடி வந்தார். "சார், என்ன சார் இது! தரையில பரப்புன கொழுந்து அப்பவே சிவந்திருச்சு. இப்ப அடுப்புல ஏத்தலேன்னா எல்லாம் புளிச்சுப்போயிரும்!"

"புளிக்கட்டும்" என்றார் அவர். ஏழு வருடத்தில் ஒரு கைப்பிடி கொழுந்தைத் தரையில் சிந்தவிடாதவர்.

ஒரு தேயிலைப் பெட்டியை மேசையாகப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எழுந்து நின்று கேட்டார். "உங்களுக்கு இந்தியா போக விருப்பமா? இங்கே இருக்க விருப்பமா?"

முதலில் ஏதோ சூழ்ச்சி என்று பயந்தார்கள். பிறகு கருப்பையா, "இந்தியாதான் தொரை. இங்க எங்கள மனுசனா எண்ணல" என்றான். அவன் சொன்னபடியே எழுதினார். முனியம்மாவின் மாமனார், பல்லில்லாத கிழவர், "எங்கப்பன் வந்த ஊரு பேரே எனக்குத் தெரியாதுங்க. எங்கன்னு எறங்குறது?" என்று அழுதார். 'இங்கே' என்று எழுதினார். நாளைக்குச் சொல்கிறேன் என்ற இரண்டு பேருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டார்.

என் அண்ணன் அடுப்புக்கு விறகு போடுபவன். இந்தியா என்றான். அடுத்த பெயர் அண்ணி.

"எம் பொஞ்சாதிதான் தொரை. அவளுக்கும் அதேதான்" என்றான் அண்ணன்.

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. பேனாவைப் பெட்டியின்மேல் வைத்தார். அண்ணனைப் பார்க்காமல், தூரத்தில் பெண்களோடு நின்ற அண்ணியிடம் நடந்து போனார். கேட்டார்.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இதுவரைக்கும் என்னைய யாரும் கேக்கல. கேட்டதுனால சொல்றேன். எனக்கு இங்கதான். என் மூத்த புள்ளய இந்த மண்ணுலதான் பொதச்சிருக்கேன்."

அண்ணன் விறகுக் கட்டையைக் கீழே போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. அன்றைய கொழுந்து முழுதும் கெட்டுப் புளித்த வாடை அடித்தது. அவர் புதிய பட்டியலில் கையெழுத்துப் போட்டு, கிளாக்கரிடம் கொடுத்து, எஞ்சினை மறுபடி ஓடவிட்டார். செய்தி அதற்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில், கொழுந்து பறிக்கும் மேல்கணக்கு ஆட்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எங்களையும் கேளுங்க" என்று நின்றுவிட்டார்கள். கிளாக்கர் நோட்டுப் புத்தகத்தோடு லயத்து அறைகளில் காம்பரா காம்பராவாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

பெரிய தொரை அவரைப் பட்டியலுக்காக விலக்கவில்லை. கெட்டுப்போன கொழுந்துக்காக விலக்கினார். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. மாதக் கடைசிக்குள் பங்களாவைக் காலி செய்ய வேண்டும்.

அண்ணன் மருந்தறைக்கு வந்து கத்தினான். "ஒங்க தொரை எங்க வீட்டுக்குள்ள கத்திய வச்சிட்டாரு, தங்கச்சி! ஊரே பாக்க அவ என்னைய ஆம்பளையே இல்லேன்னு ஆக்கிட்டா!" இரண்டு பேரும் ஒரே காம்பராவுக்குள் பேசாமல் இருந்தார்கள். தொரையிடம் இதைச் சொன்னபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பேசட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கேட்டது தப்பா என்றார். தப்பில்லை, ஆனால் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு லேசு, பதில் சொன்னவள்தான் அதற்குள் குடியிருக்க வேண்டும் என்றேன். அவர் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

(அண்ணன் பல மாதம் கழித்துத் தன் பதிலை மாற்றிக்கொண்டான். தன்மேல் உள்ள பாசத்தால் அல்ல, தானே சமைத்துச் சாப்பிட்டு அலுத்துப்போய்த்தான் என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.)

அவர் புறப்பட்ட காலை தோட்டத்தில் பெரட்டு நேரம். யாரையும் வரவிடக் கூடாதென்று உத்தரவு. ஆனாலும் நான் போனபோது பங்களா வாசலில் அண்ணன் முன்பே நின்றான். அவர் வாய் திறப்பதற்குள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். நானுஓயா வரை மூன்று பேரும் போனோம்.

ஸ்டேசனில் பனிமூட்டம். கொழும்பு ரயில் வர நேரமிருந்தது. அண்ணன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு பீடி வாங்கப் போனான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"சிஸ்டர், என் மனைவியைப் பற்றி உங்களிடம் சொன்னேன். என்னைப் பிடித்துக்கொண்டு போனதைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் எனக்காக வருத்தப்பட்டீர்கள். ஆனால் நான் உங்களுக்குச் சொன்னது பாதிதான்."

யுத்தக் காலத்தில் அந்த ராக்கெட்டுகளை மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் செய்தார்களாம். சுமந்தவர்கள், குடைந்தவர்கள் எல்லாம் முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பட்டினி கிடந்தவர்கள். ஒருநாள் ஒரு பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. இவர் வரைபடத்திலிருந்து தலையை எடுக்காமல் அங்கே நின்ற ஒருவனை விரலால் காட்டினார். அவன் தூக்கினான். நாலடி வைத்தான், விழுந்தான். காவலர்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். இவர் இன்னொருவனைக் காட்டினார்.

"அவ்வளவுதான். பிறகு வேலையைத் தொடர்ந்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். நான் சிறைபிடிக்கப்பட்டவன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதற்கு முன்னால் நான் யாராக இருந்தேன் என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கவனித்தார். விழுந்தவன் அந்தப் பெட்டியோடு என் கண்ணுக்கு முன்னால் நின்றான். அவனுக்கும் எங்கோ ஒரு தங்கச்சி இருந்திருப்பாள். வடக்குப் பக்கக் குளிரில் நாள் முழுக்க நின்ற இதே மனிதர்தான் அந்த விரலையும் நீட்டியவர். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள அன்று என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முழுதாக முடிந்ததென்று சொல்லமாட்டேன்.

தூரத்தில் ரயில் கூவியது. அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கினான். அவர் எழுந்து, எனக்குக் கை கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் குனிந்தார். ரயில் வந்து நின்றது. அவர் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தார்.

என் பையில் விடியற்காலையில் எழுந்து சுட்ட ரொட்டியும் இடித்த மிளகாய்க் கட்டச்சம்பலும் இருந்தன, வாழையிலையில் சுற்றி, காகிதத்தில் கட்டி. கொடுக்கலாமா, அப்படியே திருப்பிக்கொண்டு போகலாமா என்று கார்டு பச்சைக்கொடியை விரிக்கும்வரை நின்றேன். அந்தச் சுரங்கத்துக்காக அவரை மன்னிக்க வேண்டியவள் நான் அல்ல. அந்த உரிமை இருந்தவர்களை யாரும் உயிரோடு விடவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. கொழும்பு போய்ச் சேர இருட்டிவிடும். ஓடிப்போய், சன்னல் வழியாக அந்தப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தேன்.